வெளி டிவிடி டிரைவ் மூலம் மடிக்கணினியில் இயங்குதளம் நிறுவுதல்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஒரு மடிக்கணினி பல கை மாறித்தான் மாணவர் ஒருவரிடம் வந்து சேர்கிறது. ஈப்போவில் வேலை செய்யும் அண்ணன் பயன்படுத்தியது தங்கைக்கு வருகிறது. அலுவலகம் ஒன்று கழித்துவிட்டது பழைய பொருள் கடை வழியாகத் தாமான் வீட்டுக்கு வருகிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது அவசரமாகத் தேடி வாங்கிய பழைய கணினிகளும் இவற்றுள் அடங்கும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்கும் புதிய இயங்குதளம் தேவைப்படுகிறது. கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கான கூலியை மிச்சப்படுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் அளவுக்கு இது எளிய வேலைதான், அதன் ஒழுங்கு தெரிந்திருந்தால்.

அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நிறுவும்போது இயங்குதளம் உள்ள டிவிடி வட்டு ஒரே மூச்சில் படிக்கப்படுவதில்லை. முதலில் கணினியின் பயாஸ் (மின்விசையை அழுத்தியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அதைக் கண்டுபிடித்துத் துவக்குகிறது. அடுத்து, வட்டிலுள்ள சிறிய துவக்க நிரல், இயங்குதளத்தை நிறுவும் நிரலான நிறுவியை நினைவகத்துக்குள் ஏற்றுகிறது. மூன்றாவதாக, நினைவகத்தில் ஓடத் தொடங்கிய நிறுவி அதே டிரைவைத் தன் சொந்த இயக்கி நிரல் (ஒரு வன்பொருளை இயக்க உதவும் சிறு நிரல்) கொண்டு மீண்டும் தேடிப் பிடித்து, பெரிய கோப்புகளைப் படிக்கிறது. எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்று கவனித்தாலே கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டிவிடி டிரைவுடன் மணிக்கணக்கில் போராடுபவர்கள் பலர் இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதித் தேவையற்ற இடத்தில் திருத்தம் செய்கிறார்கள்.

வட்டா, பென்டிரைவா?

கணினி அண்மைக் காலத்தது என்றால், கையில் நல்ல பென்டிரைவும் இருந்தால், அதுவே விரைவானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டு தேவைப்படும் சூழல்கள் வேறு: பென்டிரைவிலிருந்து ஒழுங்காகத் துவங்காத பழைய கணினி, கணினியுடன் வந்த அசல் மீட்பு வட்டு, உள்ளிருக்கும் டிவிடி டிரைவ் பழுதாகிவிட்ட கணினி ஆகியவை. இன்னொரு காரணமும் உண்டு. அச்சகம், பள்ளி, பக்கத்து வீடு என்று சுற்றிவரும் பென்டிரைவில் வைரஸ் ஒட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் அன்றாட நிகழ்வு. ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடியை எழுதி முடித்துவிட்டால் எந்த வைரஸும் அதை மாற்றி எழுத முடியாது. ஒரே வட்டை நான்கைந்து வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இது பெரிய பாதுகாப்பு.

எந்த இயங்குதளம், எவ்வளவு பெரிய வட்டு?

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்டின் ஏற்புப் பட்டியலில் இடம்பெறுகிறது. அதற்கு முந்தைய கணினிகளில் குறுக்கு வழியில் நிறுவ முடியும் என்றாலும், படிக்கும் பிள்ளையின் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வருங்காலப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு அங்கே உத்தரவாதமில்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் பொருத்தமானது. 2 ஜிபி நினைவகத்தில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும், கட்டணம் இல்லை, பள்ளிக் கட்டுரைகளுக்கும் கணக்கு அட்டவணைகளுக்கும் வேண்டிய லிப்ரே ஆஃபிஸ் அதனுடனேயே வருகிறது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. வீட்டில் அதன் அசல் வட்டு இருக்கிறது என்பதற்காக, இணைய வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை நிறுவ வேண்டாம்.

வட்டின் கொள்ளளவைக் கவனிக்க வேண்டிய இடம் இது. சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியின் உறைமேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். அதையே விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணுவதால் திரையில் 4.37 ஜிபி என்றுதான் காட்டும். லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் வட்டின் முழு உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பு) இதில் தாராளமாக அடங்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் விண்டோஸ் 11 கோப்போ 5 ஜிபியைத் தாண்டுகிறது, அதற்கு 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டு வேண்டும். சிறிய ஊர்க் கடைகளில் இரட்டை அடுக்கு வட்டு எளிதில் கிடைப்பதில்லை, விலையும் கூடுதல். ஆகவே விண்டோஸ் 11-ஐ நிறுவ அசல் வட்டு கையில் இல்லையென்றால், பென்டிரைவுக்கு மாறுவதே அறிவுடைமை. வட்டு முறை தன் முழுப் பயனைத் தருவது லினக்ஸ் மின்ட்டுக்கும், கணினியுடன் வந்த மீட்பு வட்டுகளுக்கும்தான்.

இவ்வளவு பெரிய கோப்பைக் கைப்பேசித் தரவில் இறக்குவது செலவு. அருகில் அரசின் சமூக இணைய மையமான நாடி இருந்தால் அங்குள்ள இணையத்தைப் பயன்படுத்தலாம். இறக்கிய பின், பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கோப்பின் எண்ணுடன் ஒப்பிடுவது அவசியம். பாதியில் அறுந்து மீண்டும் தொடங்கிய பதிவிறக்கம் வெளித்தோற்றத்தில் முழுமையாகத் தெரிந்தாலும், உள்ளே சிதைந்திருக்கலாம்.

டிரைவும் மின்சாரமும்

வெளி டிவிடி டிரைவில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு மின்சாரக் குறைவால் வருபவை. மெல்லிய வகை டிரைவுகளுக்குத் தனி மின்கம்பி கிடையாது. யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. யுஎஸ்பி 2.0 துளை தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியர். வட்டு சுழலத் தொடங்கும் நொடியிலும் எழுதும்போதும் டிரைவ் கேட்பது 500 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். அப்போது வட்டு சுழலத் தொடங்கி, ஒரு சொடுக்குச் சத்தத்துடன் நின்று, மீண்டும் சுழலும். விளக்கு அணைந்து அணைந்து எரியும். கணினியில் டிரைவ் தோன்றித் தோன்றி மறையும். இதைக் கண்டு வட்டு கெட்டுவிட்டது என்று வேறொன்றை எழுதிப் பயனில்லை.

டிரைவைக் கணினியின் துளையிலேயே நேரடியாகச் செருக வேண்டும். மின் இணைப்பில்லாத யுஎஸ்பி ஹப், நீட்டிப்புக் கம்பி, விசைப்பலகையின் பக்கத்திலுள்ள துளை எதுவும் கூடாது. டிரைவுடன் இரண்டு முனைகள் கொண்ட ஒய் வடிவக் கம்பி வந்திருந்தால் இரு முனைகளையும் செருகுங்கள். இரண்டாவது முனை கூடுதல் மின்சாரத்துக்காகவே இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் சூப்பர்டிரைவ் கையில் கிடைத்தால் அதை நம்பி இறங்க வேண்டாம்; அது ஆப்பிள் கணினிகளுக்கென்றே செய்யப்பட்டது.

கடையில் புதிதாக வாங்காமலும் ஒரு வழி இருக்கிறது. பழுதாகிப்போன பழைய மடிக்கணினியின் உள் டிவிடி டிரைவ் நல்ல நிலையில் இருந்தால், அதைக் கழற்றி யுஎஸ்பி உறைக்குள் பொருத்திக்கொள்ளலாம். உள் டிரைவுகள் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் வருவதால், அளந்துவிட்டு உறையை வாங்க வேண்டும்.

நம் காற்றின் ஈரப்பதம் டிரைவுக்கும் வட்டுக்கும் நல்லதல்ல. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த வட்டுகளில் பூஞ்சை படர்ந்திருக்கும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெண்மையான கொடிபோல் தெரியும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தரவின் போக்கிலேயே விழுந்து, படிக்க முடியாமல் போகும். மெல்லிய டிரைவுகளில் தட்டை இழுத்தால் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால், அழுத்தாமல் ஒரு முறை தொட்டெடுத்து, உலர்ந்த பின் மூடுங்கள்.

மின்னலையும் மறக்கக் கூடாது. பேராக்கில் பருவமாற்றக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலுக்கு மேல் இடிமழை வருவது வழக்கம். மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினியில், நிறுவல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காலையில் ஆரம்பியுங்கள், சார்ஜரை இறுதிவரை செருகியே வைத்திருங்கள்.

வட்டை எழுதுதல்

ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பாக வட்டில் நகலெடுத்தால் அந்த வட்டு துவங்காது. அதை வட்டுப் பிம்பமாக எழுத வேண்டும். விண்டோஸ் 7 முதற்கொண்டு இதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது: ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து, வட்டுப் பிம்பத்தை எழுதும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, எழுதியபின் சரிபார்க்கும் கட்டத்தில் குறியிடுங்கள். எழுதும் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் இம்க்பர்ன் போன்ற இலவச நிரல் வேண்டும். லினக்ஸில் எக்ஸ்எஃப்பர்ன், பிரசேரோ ஆகியவை இருக்கின்றன. 4 மடங்கு வேகத்தில் ஒரு முழு டிவிடியை எழுத ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். வேகத்தைக் கூட்டி மிச்சப்படுத்தும் சில நிமிடங்களைவிட, பழைய டிரைவும் பிழையின்றிப் படிக்கக்கூடிய வட்டு முக்கியம்.

முடிந்ததும் வட்டைத் திறந்து பாருங்கள். பல கோப்புறைகளும் கோப்புகளும் தெரிந்தால் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்த வட்டு வீண்.

அழிப்பதற்கு முன்

புகைப்படங்கள், எஸ்பிஎம் பாடக் குறிப்புகள், சம்பளச் சீட்டுகள், வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகலாக எண்ணக் கூடாது. வீட்டின் ஒரே கணினியில் பாட்டியின் பழைய படங்கள் எங்கோ ஒரு கோப்புறையில் இருக்கும். குடும்பத்தில் எல்லாரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினியில், வன்தட்டின் கோப்புகளைப் பூட்டிவைக்கும் மறையாக்கம் (பிட்லாக்கர்) இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். செக்யூர் பூட் அமைப்பை மாற்றியவுடன் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் கையில் இல்லையென்றால் பழைய கோப்புகளுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பயாஸைத் தொடுமுன் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, தயாரிப்பாளர் விண்டோஸுடன் விற்ற கணினிகளில் உரிம எண் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால் நிறுவி அதைத் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் எண் அடிப்பக்க ஒட்டுச்சீட்டில் இருக்கும். அழியுமுன் படம் எடுத்துவைப்பது நல்லது.

வைஃபை அட்டையின் இயக்கி நிரலையும், சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் இயக்கி நிரலையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பின்னால் தேவைப்படலாம்.

வட்டிலிருந்து துவக்குதல்

டிரைவைச் செருகி, வட்டை உள்ளே வைத்து, அது சுழன்று அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு கணினியை முழுமையாக நிறுத்த வேண்டும். விண்டோஸில் சாதாரணமாக நிறுத்தினால் விரைவுத் துவக்க வசதியால் அது பாதி உறக்கத்துக்கே போகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே நிறுத்தினால் முழுமையாக நிற்கும்.

மின்விசையை அழுத்தியதும், தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுமுன்பே துவக்கப் பட்டியலுக்கான விசையை விட்டுவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். டெல், லெனோவோ ஆகியவற்றில் எஃப்12, எச்பியில் எஸ்கேப், பின்பு எஃப்9, ஆசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் சென்று அந்தப் பட்டியலை இயக்கிவிட வேண்டியிருக்கும். லெனோவோ ஐடியாபேட் வகைகள் பலவற்றில் பக்கவாட்டில் நோவோ என்ற சிறிய துளைப் பொத்தான் இருக்கிறது. விசையின் நேரம் தவறிக்கொண்டே இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் மீட்பு அமைப்புகளிலிருந்து மேம்பட்ட துவக்கத்தைத் தேர்ந்து, அங்கிருந்தே டிவிடி டிரைவைத் தேர்வு செய்யலாம்.

பட்டியலில் ஒரே டிரைவ் இரண்டு வரிகளில் தெரிவது உண்டு: ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்றிருக்கும், மற்றதில் இருக்காது. இங்கே செய்யும் தேர்வுதான் வன்தட்டு எந்த முறையில் பிரிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. யுஇஎஃப்ஐ வழியில் துவக்கினால் விண்டோஸ் ஜிபிடி முறையிலான வன்தட்டையும், மற்ற வழியில் துவக்கினால் எம்பிஆர் முறையிலான வன்தட்டையும் எதிர்பார்க்கும். தவறான வரியைத் தேர்ந்தவர்களுக்கு, வெகுநேரம் கழித்து வன்தட்டைத் தேர்வு செய்யும் திரையில்தான், இந்த வன்தட்டில் நிறுவ முடியாது என்ற செய்தி வரும். அண்மைக் கணினிகள் அனைத்திலும் யுஇஎஃப்ஐ வரியையே தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் வட்டு துவங்கும்போது, ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லும் ஒற்றை வரி சில நொடிகள் மட்டுமே தோன்றும். அழுத்தத் தவறினால் வட்டு விடப்பட்டு, பழைய இயங்குதளமே திறக்கும். வட்டு கெடவில்லை, மீண்டும் தொடங்கினால் போதும்.

பட்டியலில் டிரைவின் பெயரே இல்லையென்றால் அது முதல் கட்டக் கோளாறு: மின்சாரம், துளை, அல்லது துவக்க முடியாத வட்டு. பெயர் இருந்தும், தேர்ந்தவுடன் திரை கறுத்துப் பட்டியலுக்கே திரும்பினால் எழுதிய வட்டையோ லென்ஸையோ சந்தேகிக்க வேண்டும்.

விண்டோஸ் நிறுவும்போது

மொழி, விசைப்பலகை ஆகியவற்றைத் தேர்ந்து நிறுவலைத் தொடங்கியதும், ஊடகத்துக்கான இயக்கி நிரல் இல்லை என்ற செய்தி வந்து பலரைக் குழப்புகிறது. வட்டிலிருந்துதானே நிறுவியே வந்தது, இப்போது வட்டைக் காணவில்லை என்கிறதே என்று தோன்றும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாம் கட்டம் இதுதான். பயாஸ் தன் வசதியால் வட்டைப் படித்தது. இப்போது நிறுவியால் தன் இயக்கி நிரல் கொண்டு அந்த யுஎஸ்பி துளையை அடைய முடியவில்லை. கணினியை அணைக்காமல், செய்தியை மூடி முதல் திரைக்குத் திரும்பி, டிரைவின் கம்பியை வேறொரு துளைக்கு, இயன்றால் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றிவிட்டு, மீண்டும் தொடங்குங்கள். கறுப்புத் துளையில் மின்சாரம் குறைவு என்பதால் ஒய் கம்பி கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

விண்டோஸ் 7 வட்டில் யுஎஸ்பி 3.0-க்கான இயக்கி நிரலே கிடையாது. 2015-இல் வந்த இன்டெல் 6-ஆம் தலைமுறைக் கணினிகளிலிருந்து பழைய யுஎஸ்பி கட்டுப்படுத்தியும் நீக்கப்பட்டதால், அவற்றில் துளையை மாற்றியும் பயனில்லை. துளையை மாற்றியும் புதிய விண்டோஸில் அதே செய்தி வந்தால், வட்டு சிதைந்து எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து வன்தட்டைத் தேர்வு செய்யும் திரை. பட்டியல் வெறுமையாக இருந்தால் வன்தட்டு போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறையை ஒட்டிய கணினிகளில் சேமிப்பகம் விஎம்டி என்ற கட்டுப்படுத்தியின் பின்னால் மறைந்திருக்கும்; பென்டிரைவில் வைத்த இயக்கி நிரலை ஏற்றியதும் அது தோன்றும். முழுப் புதிதாக நிறுவுவதானால், உள் வன்தட்டின் பகுதிகளை நீக்கி, ஒதுக்கப்படாத இடமாக ஆக்கி, அதையே தேர்ந்து மேலே செல்லுங்கள். வேண்டிய பகுதிகளை நிறுவி தானே அமைத்துக்கொள்ளும். எதையும் நீக்குமுன் கொள்ளளவைப் பார்த்து, இது உள் வன்தட்டுதானா என்று உறுதிசெய்யுங்கள். காப்பு நகல் இருக்கும் வன்தட்டை இந்த நேரத்தில் கணினியில் செருகியே வைக்கக் கூடாது.

கோப்புகள் நகலாக அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விழுக்காடு ஒரே எண்ணில் நெடுநேரம் நின்றாலும், டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை பொறுத்திருங்கள். முதல் மறுதுவக்கத்தின்போது, விசையை அழுத்தச் சொல்லும் அந்த வரி மீண்டும் வரும்; இம்முறை எதையும் தொடக் கூடாது. அழுத்தினால் நிறுவல் முதல் திரைக்கே போய், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்.

விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு கணக்கை அமைக்கும் கட்டத்தில் இணையத்தைக் கேட்கும். வைஃபை இன்னும் வேலை செய்யவில்லையென்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதியை) இயக்கினால் பெரும்பாலும் இணைப்புக் கிடைத்துவிடும்.

லினக்ஸ் மின்ட் நிறுவும்போது

இந்த வட்டு முதலில் எதையும் அழிக்காமல், வட்டிலிருந்தே முழு மேசைத்திரையையும் திறக்கிறது. டிவிடியிலிருந்து ஓடுவதால் ஒவ்வொரு நிரலும் திறக்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம்; அந்த மந்தத்தைக் கொண்டு இயங்குதளத்தை எடைபோட வேண்டாம். வைஃபை, ஒலி, வெப்கேம், விசைப்பலகை, திரை ஒளி ஆகியவற்றை இங்கேயே சோதித்துப் பாருங்கள். ஏதேனும் ஒன்று வேலை செய்யாவிட்டால், வட்டை எடுத்துவிட்டுப் பழைய இயங்குதளத்துக்கே திரும்பி யோசிக்கலாம். பழைய கணினி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக இருந்தால், மேசைத்திரையிலுள்ள நிறுவும் படவுருவைத் திறந்து, மொழி, விசைப்பலகை, வன்தட்டு, கோலாலம்பூர் நேர வலயம், பயனர் பெயர் என்று வரிசையாகத் தேர்ந்து செல்லலாம். முழு வன்தட்டையும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்ற கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் 128 ஜிபி வன்தட்டில் இடம் நெருக்கடியாக இருக்கும். முடிவில் வட்டை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும். அதற்கு முன் டிரைவைப் பிடுங்க வேண்டாம்.

நிறுவிய பின்

முதலில் புதுப்பிப்புகள், அடுத்து இயக்கி நிரல்கள், கடைசியாகக் காப்பு நகலிலிருந்து கோப்புகள் என்ற வரிசையில் செல்லுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் மீண்டும் இயக்குங்கள். தமிழில் எழுதுவதற்கு விண்டோஸின் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழ்ப்பள்ளி மாணவருக்குக் கணினியை ஒப்படைப்பதானால் இதையும் முடித்தே கொடுங்கள். வட்டின் மேல் இயங்குதளத்தின் பெயரையும் எழுதிய மாதத்தையும் வட்டுக்கான மை பேனாவால் குறித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிட்ட வட்டை மறுபடியும் பயன்படுத்துமுன், அதைவிடப் புதிய வெளியீடு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.